ஃபிர் மரத்தின் முறை

ஸ்லோவேனியாவின் தென்பகுதியில் ஸ்னெஷ்னிக் என்றொரு மலை இருக்கிறது. உயரம் 1,796 மீட்டர். ஏட்ரியாட்டிக் கடலின் ஈரத்தைச் சுமந்துவரும் காற்று நேராக வந்து முட்டுவது இந்த மலைவரிசையில்தான் என்பதால் இங்கே மழைக்கும் பனிக்கும் பஞ்சமில்லை. இதே மலைத்தொடர் தெற்கே நீண்டு மாண்டினீக்ரோவுக்குப் போய்ச் சேரும்போது, ட்சர்க்விட்சே என்ற சிற்றூரில் ஆண்டுக்குச் சராசரியாக 4,500 மி.மீ.க்கு மேல் கொட்டுகிறது. ஐரோப்பாவிலேயே அதிகம் மழை பெறும் இடங்களில் அது ஒன்று. இவ்வளவு பெய்தும், ஸ்னெஷ்னிக் காட்டுக்குள் நாள் முழுக்க நடந்தாலும் ஓர் ஓடை கண்ணில் படுவது அரிது. பாசி படர்ந்த பாறைகள் உண்டு, வானை மறைக்கும் மரங்கள் உண்டு, ஓடும் தண்ணீரைத்தான் காணமுடியாது.

தண்ணீர் எங்கே போகிறது என்று கேட்டால் பாதிக் கதை விளங்கிவிடும். மீதிப் பாதி, அந்தக் காட்டில் சத்தமில்லாமல் குறைந்துவரும் ஃபிர் என்ற ஊசியிலை மரத்தைப் பற்றியது.

இத்தாலியின் வடகிழக்கு விளிம்பில் தொடங்கி ஸ்லோவேனியா, குரோஷியா, பொஸ்னியா, மாண்டினீக்ரோ வழியாக அல்பேனியா வரை ஏறத்தாழ 650 கி.மீ. நீளும் மலைகளுக்கு டினாரிக் மலைத்தொடர் என்று பெயர். பெரும்பாலும் சுண்ணாம்புப் பாறை. மழைநீர் சற்றே அமிலத்தன்மை கொண்டது. காட்டு மண்ணில் வேர்களும் நுண்ணுயிர்களும் மூச்சுவிடும் கரியமில வாயுவோடு கலக்கும்போது அதன் அமிலம் இன்னும் கூடுகிறது. அந்த நீர் பாறையின் விரிசல்களில் இறங்கி, லட்சக்கணக்கான ஆண்டுகளாக அதைக் கரைத்துக் குழிகளாகவும் குகைகளாகவும் நிலத்தடி ஆறுகளாகவும் ஆக்கியிருக்கிறது. இத்தகைய நிலத்துக்கு உலகமெங்கும் புவியியலாளர்கள் வைத்திருக்கும் பெயர் கார்ஸ்ட். அந்தச் சொல்லே டினாரிக் மலைகளின் வடமேற்கு ஓரத்தில் உள்ள க்ராஸ் பீடபூமியிலிருந்து பிறந்ததுதான். குழிவான பள்ளத்தைக் குறிக்கும் டோலின், மலைகளுக்கு நடுவே விரியும் சமவெளியைக் குறிக்கும் போல்யே ஆகியவையும் இந்த மண்ணின் மக்கள் பேசிய சொற்களே.

லியூப்லியானா நகரின் வழியாக ஓடும் லியூப்லியானிட்சா ஆற்றை 'ஏழு பெயர் ஆறு' என்பார்கள். ஒரே நீர் பலமுறை பூமிக்குள் மறைந்து, பலமுறை வேறிடத்தில் வெளிவருகிறது. வெளிவரும் இடந்தோறும் மக்கள் வேறு பெயர் சூட்டிவிட்டார்கள். அதன் பாதையில் செர்க்னிட்சா என்றோர் ஏரி இருக்கிறது. மழைக்காலத்தில் 20 சதுர கி.மீ.க்கு மேல் பரந்து கிடக்கும், கோடையில் தரைக்குள் வடிந்து புல்வெளியாகிவிடும். ஒரே இடத்தில் சில மாதம் மீன் பிடிக்கலாம், சில மாதம் புல் அறுக்கலாம். இந்த விந்தைக்கு விளக்கம் எழுதியனுப்பியதற்காகத்தான் யானெஸ் வல்வாசோர் என்ற உள்ளூர் அறிஞரை லண்டன் ராயல் சொசைட்டி 1687-இல் தன் உறுப்பினராக்கிக்கொண்டது.

காட்டைப் பொறுத்தவரை இதன் பொருள் வேறு. இங்கே மண் ஒரு போர்வையாக விரிந்து கிடக்கவில்லை. பாறைகளுக்கிடையே பைகளில் அடைத்துவைத்தது போலத்தான் இருக்கிறது. ஓரடி தள்ளி வெறும் கல், அடுத்த அடியில் ஒரு மீட்டர் ஆழத்துக்குக் கருமண். மரம் எந்தப் பையில் வேரூன்றியதோ அதுவே அதன் தலையெழுத்து. மரங்களை அழித்துவிட்டால் மழை அந்த மண்ணை மலைச்சரிவில் அடித்துக்கொண்டு போவதோடு நிற்காது. விரிசல்கள் வழியே பாறைக்குள்ளேயே இறக்கிவிடும். போன மண் திரும்ப வராது.

இது வெறும் ஊகம் இல்லை. க்ராஸ் பீடபூமியில் நடந்தே விட்டது. பல நூற்றாண்டுகள் ஆடு மேய்த்தும் மரம் வெட்டியும் அந்தப் பீடபூமி 19ஆம் நூற்றாண்டில் கண்ணுக்கெட்டியவரை வெண்கல் பாலைவனமாகக் கிடந்தது. 'புர்யா' எனப்படும் வடகிழக்குக் குளிர்காற்று மணிக்கு 150 கி.மீ.க்கு மேலான வேகத்தில் அடிக்கும் நிலம் அது. மிச்சமிருந்த மண்ணையும் காற்று வாரிக்கொண்டு போயிற்று. 1859-இல் த்ரியெஸ்தே நகருக்கருகே கரும்பைன் மரங்களை நட்டு வளர்ப்பதில் முதல் வெற்றி கிடைத்தது. அதன்பின் தலைமுறை தலைமுறையாக நட்டார்கள். நிலம் மறுபடி பச்சையானது. ஆனால் அந்தப் பச்சையில் பெரும்பகுதி ஒரே இனத்து மரம், அதிலும் பிசின் நிறைந்த மரம். 2022 ஜூலையில் அங்கே பற்றிய தீயில் சுமார் 3,500 ஹெக்டேர் எரிந்தது. சுதந்திர ஸ்லோவேனியா கண்ட மிகப் பெரிய காட்டுத்தீ அது. வெண்பாறையில் மரம் வளர்த்தவர்கள் செய்தது மகத்தான வேலை, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. என்றாலும், மரம் இருப்பதும் காடு இருப்பதும் ஒன்றல்ல என்பதை உணர, க்ராஸ் பைன் தோப்பையும் அங்கிருந்து சற்றுத் தொலைவிலேயே நிற்கும் ஸ்னெஷ்னிக் கலப்புக் காட்டையும் அடுத்தடுத்து நினைத்துப் பார்த்தால் போதும்.

தலைகீழாக நிற்கும் காடு

மலையில் மேலே போகப்போகக் குளிர் கூடும். அதனால் கீழே அகன்ற இலை மரங்கள், அதற்கு மேலே ஊசியிலை மரங்கள், உச்சியில் குட்டையான புதர்கள் என்று அடுக்கு இருக்கும். பள்ளிப்பாடத்தில் எல்லோரும் படித்தது இது. ஸ்லோவேனியாவின் த்ர்னோவோ காட்டில் உள்ள ஸ்மிரெகோவா த்ராகா என்ற பெரும்பள்ளத்தில் இந்த அடுக்கு அப்படியே தலைகீழாக இருக்கிறது. பள்ளத்தின் விளிம்பில் அகன்ற இலை கொண்ட பீச் மரங்கள். சரிவில் கொஞ்சம் இறங்கினால் ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரம். அடித்தளத்துக்கு வந்துவிட்டால், மலையுச்சியில் பார்க்கவேண்டிய குட்டைப் பைன் புதர்கள்.

காரணம் எளிது. குளிர்ந்த காற்று கனமானது. இரவில் அது நீரைப்போலச் சரிவில் வழிந்து பள்ளத்தின் அடியில் தேங்கிவிடுகிறது. ஆறாக இருந்தால் ஏதோ ஒரு பக்கம் வெளியேறியிருக்கும். இந்தக் குழிக்கோ வாயில்லை. அதனால் குளிர் அங்கேயே கிடக்கிறது. இதே காட்டில் பாரதானா என்ற குகையில் பனிக்கட்டி ஆண்டு முழுக்கத் தங்கும். குளிர்பதனப் பெட்டி பிறப்பதற்கு முன்பு அதை வெட்டி த்ரியெஸ்தே துறைமுகத்துக்கு வண்டியேற்றினார்கள். அங்கிருந்து கப்பலில் எகிப்து வரை போனது.

சில நூறு மீட்டருக்குள் மூன்று தட்பவெப்பங்கள் இருப்பதால்தான் இந்த மலைக்காடு கலப்புக் காடாக இருக்கிறது. பள்ளத்தில் ஸ்ப்ரூஸ், வெயில்படும் முகட்டில் பீச், இடைப்பட்ட எல்லாவற்றிலும் பீச்சும் வெள்ளி ஃபிரும் கலந்து நிற்கும். பனியுகத்தில் ஐரோப்பாவின் வடக்கு முழுதும் பனிப்பாளத்தின் கீழ் கிடந்தபோது பீச் மரம் தப்பிப் பிழைத்த புகலிடங்களில் இந்தப் பக்கமும் ஒன்று. பனி விலகிய பிறகு மத்திய ஐரோப்பாவுக்குப் பரவிய பீச் காடுகளின் மூதாதையரில் ஒரு கிளை இங்கிருந்து புறப்பட்டதுதான் என்று மகரந்தப் படிவுகளும் மரபணு ஆய்வுகளும் காட்டுகின்றன. இன்று ஜெர்மனியின் ஒரு காட்டில் நிற்கும் பீச் மரத்துக்கு இந்த மலைகள் பாட்டன் வீடாக இருக்கலாம்.

நிழலில் காத்திருப்பவர்கள்

பீச்சும் ஃபிரும் சேர்ந்து வாழ்வது பார்ப்பதற்கு இயல்பாகத் தெரியும். யோசித்தால் அது ஒரு புதிர். இரண்டுமே நிழலைத் தாங்கும் மரங்கள், இரண்டும் ஒரே இடத்துக்குத்தான் போட்டியிடுகின்றன. அப்படியானால் ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் ஒன்று மற்றொன்றைத் துரத்தியிருக்க வேண்டுமே?

இங்கே முறை வைத்து மாறுவது போன்ற ஒன்று நடக்கிறது. முதிர்ந்த ஃபிர் மரத்தின் அடியில் பெரும்பாலும் பீச் கன்றுகளே தழைக்கின்றன. பீச்சின் அடியில் ஃபிர் கன்றுகள் நன்றாக வருகின்றன. எல்லா இடத்திலும் இம்மி பிசகாமல் நடக்கும் விதி இல்லை இது, ஆனால் இந்த மலைகளின் பழங்காடுகளில் வனவியலாளர்கள் திரும்பத் திரும்பக் கண்ட போக்கு. ஒரு மரம் சாய்ந்தால் விதானத்தில் சிறு திறப்பு உண்டாகும், அதிகம் போனால் சில நூறு சதுர மீட்டர். அந்த வெளிச்சத்துக்கு முதலில் கைநீட்டுவது பீச். அது வேகமாகக் கிளை பரப்பும். ஃபிரின் பலம் வேறு, அது காத்திருக்கும். கை மணிக்கட்டு அளவே தடித்த ஒரு ஃபிர் கன்று இருண்ட நிழலில் நூறு ஆண்டுகள்கூட உயிரோடு நிற்க முடியும். ஆண்டுக்கு ஒரு மயிரிழை வளரும். பிறகு என்றோ ஒருநாள் மேலே திறப்பு விழுந்தால் தாமதமே நேராதது போல எழுந்து, 50 மீட்டர் உயரம் வரை போய், நானூறு ஐந்நூறு ஆண்டுகள் வாழும்.

இதையெல்லாம் நேரில் பார்த்துத் தெரிந்துகொள்ள முடிவதற்கு ஒரு மனிதரின் முடிவு காரணம். ஸ்லோவேனியாவின் தெற்கே உள்ள கோச்செவ்யே பகுதியில் ஆவர்ஸ்பெர்க் பிரபுக்களின் பெருநிலங்களை நிர்வகித்த லியோபோல்ட் ஹூஃப்நாகல் என்ற வனவியலாளர், 1892-இல் அந்தக் காடுகளுக்கு மேலாண்மைத் திட்டம் எழுதினார். மரத்தை வெட்டிக் காசாக்குவதற்காக எழுதப்பட்ட திட்டம்தான். அதில் சில பகுதிகளை மட்டும் கோடரியே படாத கன்னிக்காடாக விட்டுவிட வேண்டும் என்று அவர் குறித்துவைத்தார். அவற்றில் ஒன்றுதான் ராய்ஹெனவ், சுமார் 51 ஹெக்டேர். க்ரோகார் என்ற இன்னொரு பகுதி 2017 முதல் யுனெஸ்கோவின் ஐரோப்பியப் பழம்பீச் காடுகள் பட்டியலில் இருக்கிறது. அந்தக் காலத்தில் மத்திய ஐரோப்பா முழுக்கக் காடுகளை மொட்டையடித்து ஸ்ப்ரூஸ் வரிசைகளாக நட்டுக்கொண்டிருந்தார்கள். ஹூஃப்நாகலோ வெட்டும் பகுதிகளிலும் மொத்தமாக வெட்டாமல் மரம் மரமாகத் தேர்ந்து வெட்டச் சொன்னார். ஸ்லோவேனியாவில் இரண்டாம் உலகப் போருக்குப் பின் மொட்டை வெட்டு சட்டப்படியே தடைசெய்யப்பட்டது. இன்றும் தனியார் காட்டில்கூட வெட்டவேண்டிய மரத்தை வன ஊழியர் வந்து அடையாளமிட்ட பிறகே வெட்ட முடியும்.

ராய்ஹெனவ் போன்ற காட்டிலும், பொஸ்னியாவின் சுத்யெஸ்கா தேசியப் பூங்காவுக்குள் சுமார் 1,400 ஹெக்டேரில் நிற்கும் பெருச்சிட்சாவிலும், முதலில் கண்ணில் படுவது இறந்த மரங்கள். விழுந்து கிடப்பவை, பாதி ஒடிந்து நிற்பவை, பாசியும் காளானுமாகிக் கரைந்துகொண்டிருப்பவை. பழக்கப்படாத கண்ணுக்கு இது கவனிப்பாரற்ற காடாகத் தோன்றும். உண்மையில் காட்டின் சேமிப்பே இதுதான். மக்கிய அடிமரத்தின் மேல் ஸ்ப்ரூஸும் ஃபிரும் முளைக்கின்றன, பாறையில் கிடைக்காத ஈரம் அங்கே இருக்கிறது. வெண்முதுகு மரங்கொத்தி உளுத்த பீச்சைத் தேடித்தான் வாழ்கிறது. நீலச்சாம்பல் உடலில் கரும்புள்ளிகளோடு நீண்ட உணர்கொம்புகள் கொண்ட ரோசாலியா வண்டு வெயில்படும் பட்ட பீச்சில் முட்டையிடுகிறது. அந்த வண்டுக்கு ஒரு சோகம் உண்டு. சாலையோரம் அடுக்கிவைத்த பீச் விறகும் அதற்குப் பட்டமரம் போலத்தான் தெரியும். அதில் முட்டையிட்டுவிடும். குளிர்காலத்துக்கு முன் விறகு அடுப்புக்குப் போய்விடும்.

பச்சையாகவே இருக்கும் இழப்பு

ராய்ஹெனவில் மேலே அண்ணாந்து பார்த்தால் பெரும் ஃபிர் மரங்கள் நிற்கின்றன. கீழே தரையைப் பார்த்தால் பீச் கன்றுகளே எங்கும் தெரிகின்றன. ஃபிர் முளைக்காமல் இல்லை. விரல் நீளத்துக்கு முளைக்கிறது. முழங்கால் உயரத்தை எட்டுவதற்குள் காணாமல் போய்விடுகிறது.

தின்பது மான். செம்மானுக்கும் ரோ மானுக்கும் பீச்சைவிட ஃபிர் விருப்பமான உணவு, அதிலும் குளிர்காலத்தில் இலையோடு நிற்பது அதுதான். வேகமாக வளரும் மரமாக இருந்தால் மானின் வாய்க்கு எட்டாத உயரத்துக்குச் சில ஆண்டுகளில் தப்பிவிடும். ஃபிர் நிழலில் காத்திருக்கும் மரமாயிற்றே. அதன் பொறுமையே அதற்கு எதிரியாகிவிடுகிறது. இருபது முப்பது குளிர்காலங்கள் மானின் வாய்மட்டத்திலேயே நிற்கவேண்டிய கன்றுக்கு, அவற்றில் ஏதாவது ஒரு குளிர்காலம் போதும்.

இதில் வரலாறு ஒரு திருப்பத்தை ஒளித்துவைத்திருக்கிறது. இன்று நாம் வியந்து பார்க்கும் ஃபிர் மரங்களில் பல, மானே அரிதாகிவிட்ட ஒரு காலத்தில் தலையெடுத்தவை. ஐரோப்பாவை உலுக்கிய 1848 புரட்சியோடு பிரபுக்களின் வேட்டை உரிமை ஆட்டம் கண்டது. குடியானவர்களின் துப்பாக்கிக்குச் செம்மான்கள் ஏறக்குறைய முற்றாக இரையாயின. அடுத்த சில பத்தாண்டுகள் ஃபிர் கன்றுகளுக்குப் பொற்காலம். பிறகு 20ஆம் நூற்றாண்டின் தொடக்க வாக்கில், வேட்டைப் பிரியர்களான நிலவுடைமையாளர்கள் ஸ்னெஷ்னிக் பகுதிக்கு மானை மறுபடி கொண்டுவந்தார்கள். மந்தை பெருகியது. குளிர்காலத்தில் தீனியும் போடப்பட்டது. அந்தப் பொற்காலத்தை இயல்புநிலை என்று எடுத்துக்கொண்டு இன்றைய காட்டை அளப்பது சரியா என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் மானுக்கும் ஃபிருக்கும் நடுவே அதற்கு முந்தைய ஆயிரமாண்டுகளில் லின்க்ஸும் ஓநாயும் இருந்தன. வளர்ந்த மந்தை திரும்பியபோது லின்க்ஸ் இல்லை, ஓநாயும் ஓரங்கட்டப்பட்டிருந்தது.

மான் மட்டுமே காரணம் என்று சொல்லிவிடவும் முடியாது. 1970களிலும் 80களிலும் நிலக்கரிப் புகையின் கந்தகம் இந்த மலைகளின் ஃபிர் மரங்களைக் கடுமையாகத் தாக்கியது. குரோஷியாவின் கோர்ஸ்கி கோட்டார் பகுதியில் மரங்கள் ஊசியிலைகளை உதிர்த்து நின்றன. காற்று பின்னர் தூய்மையானது. எஞ்சிய முதிர்மரங்கள் தேறின. ஆனால் கீழே அவற்றின் இடத்தை நிரப்பக் கன்றுகள் இல்லை. ஸ்லோவேனியாவின் மொத்த மர இருப்பில் ஃபிரின் பங்கு அரை நூற்றாண்டுக்குள் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது.

என்னை மிகவும் உறுத்துவது, இந்த இழப்பு கண்ணுக்குத் தெரியாது என்பதுதான். காடு எரியவில்லை. யாரும் வெட்டவில்லை. செயற்கைக்கோள் படத்தில் அதே அடர்பச்சை. பரப்பளவோ கூடியே இருக்கிறது. ஸ்லோவேனியாவில் சுமார் 58 சதவீத நிலம் காடு. உள்ளே ஒரு கூட்டாளி மட்டும் மெல்ல விலகிக்கொண்டிருக்கிறான். பீச் மட்டும் நிற்கும் காடு மோசமான காடு இல்லைதான். ஆனால் குளிர்காலத்தில் அது மொட்டை. இலை உதிர்த்த பீச்சுகளுக்கு நடுவே ஃபிரின் பசுங்கிளைகளே பறவைக்கும் விலங்குக்கும் பனியிலிருந்து ஒதுங்க இடம். ஃபிரின் ஆணிவேர் பாறைப்பிளவுகளில் ஆழ இறங்கிக் கோடை வறட்சியில் கீழுள்ள ஈரத்தை எட்டும். அது போய்விட்டால் அந்த ஆழத்தைத் தொட வேறு எந்த மரம் இருக்கிறது?

திரும்பி வந்தவை

குரோஷியாவின் ரிஸ்னியாக் மலைக்கு அந்தப் பெயர் வந்தது 'ரிஸ்' என்ற சொல்லிலிருந்து என்பார்கள். ரிஸ் என்றால் லின்க்ஸ், காதுநுனியில் கருமயிர்க் குஞ்சம் வைத்த பெரிய காட்டுப்பூனை. 1953-இல் அது தேசியப் பூங்காவானபோது மலையின் பெயரில் மட்டுமே லின்க்ஸ் மிஞ்சியிருந்தது. ஸ்லோவேனியாவில் கடைசி லின்க்ஸ் சுடப்பட்டது 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்.

1973-இல் வேட்டைக்காரர்களும் வனத்துறையினரும் சேர்ந்து, ஸ்லோவாக்கியாவிலிருந்து மூன்று ஜோடி லின்க்ஸைக் கொண்டுவந்து கோச்செவ்யே காட்டில் விட்டார்கள். அவை பெருகி குரோஷியாவுக்கும் பொஸ்னியாவுக்கும் பரவின. பெரிய வெற்றி என்றே எல்லோரும் நினைத்தார்கள். ஆறு விலங்குகளில் சில ஏற்கெனவே இரத்த உறவுடையவை என்பதை எண்ணிப்பார்க்க அன்று யாருமில்லை. நாற்பது ஆண்டுகளில் உறவுக்குள்ளேயே இனம்பெருகி, பிறக்கும் குட்டிகளின் பெற்றோர் ஏறத்தாழ உடன்பிறந்தவை என்னும் அளவுக்கு மரபணு வளம் வற்றிவிட்டது. இரண்டாம் முறை அழிவின் விளிம்பு. 2019 முதல் ருமேனியாவின் கார்பாத்திய மலைகளிலிருந்தும் ஸ்லோவாக்கியாவிலிருந்தும் புதிய லின்க்ஸ்களைப் பிடித்துவந்து விட்டார்கள். புது இரத்தம் கலந்த குட்டிகள் இப்போது காட்டில் இருக்கின்றன.

லின்க்ஸின் முதன்மை இரை ரோ மான். ஒரு மானை அடித்தால் நாலைந்து நாள் அதைக் காத்திருந்து தின்னும். இந்தக் காட்டில் அதற்கு ஒரு தொல்லை. மோப்பம் பிடித்து வரும் கரடி அந்த இறைச்சியைப் பறித்துக்கொள்கிறது. இழந்த லின்க்ஸ் அடுத்த மானைத் தேடிப் போகவேண்டியதுதான். சிறிய நாடான ஸ்லோவேனியாவில் சுமார் ஆயிரம் கரடிகள் இருக்கின்றன. ஐரோப்பாவில் கரடி நெருக்கம் மிகுந்த காடுகளில் இவையும் அடங்கும். பிரான்ஸின் பிரனீஸ் மலைகளில் 1996-லும் இத்தாலியின் த்ரெந்தினோவில் 1999 தொடங்கியும் விடப்பட்ட கரடிகள் இங்கிருந்து போனவையே.

ஓநாயைப் பற்றி ஒரே ஒரு செய்தி. ஸ்லாவ்ஸ் என்று பெயரிட்டு ஆய்வாளர்கள் கழுத்துப்பட்டை மாட்டிய ஓர் ஆண் ஓநாய் 2011 டிசம்பரில் இந்தக் காட்டைவிட்டுக் கிளம்பியது. நெடுஞ்சாலைகளைக் கடந்து, பனிமூடிய ஆல்ப்ஸைத் தாண்டி, மூன்று மாதத்தில் ஆயிரம் கி.மீ.க்கு மேல் நடந்து இத்தாலியின் வெரோனாவுக்கு வடக்கே போய்ச் சேர்ந்தது. அங்கே மேற்கிலிருந்து தனியாக வந்திருந்த ஒரு பெண் ஓநாயோடு இணை சேர்ந்தது. நூறாண்டுக்கு மேல் பிரிந்துகிடந்த டினாரிக் ஓநாய்களும் இத்தாலிய ஓநாய்களும் அந்த இணையின் குட்டிகளில் ஒன்றுகூடின. ஷேக்ஸ்பியரின் நாயகி வாழ்ந்த ஊர் அல்லவா, பெண் ஓநாய்க்கு ஜூலியட் என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

இந்த விலங்குகள் வந்துவிட்டால் ஃபிர் தானே பிழைத்துக்கொள்ளும் என்று எண்ணுவது ஆசை. அவற்றின் எண்ணிக்கை குறைவு, மானின் எண்ணிக்கையோ வேட்டைத் திட்டங்களாலும் தீனியாலும் நிர்ணயமாகிறது. அந்தத் திட்டத்தை எழுதும் மேசையில்தான் ஃபிரின் விதி பெரும்பாலும் முடிவாகிறது என்பது என் எண்ணம்.

காட்டின் நாடித்துடிப்பைச் சொல்ல இன்னொரு சிறு விலங்கு உண்டு. போல்ஹ் என்று ஸ்லோவேனியர் அழைக்கும் டோர்மவுஸ். அணில்போல் வாலும் எலிபோல் முகமும் கொண்டது. பீச் மரம் எல்லா ஆண்டும் காய்ப்பதில்லை. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை காடு முழுக்க ஒன்றுசேர்ந்து காய்த்துத் தள்ளும். போல்ஹ் அந்த ஆண்டில்தான் குட்டி போடும். காய்க்காத ஆண்டில் இனப்பெருக்கத்தையே நிறுத்திவிட்டு, குளிர்காலத் தூக்கத்தை நிலத்தடியில் இன்னும் நீட்டிவிடும். விதை வரப்போவதை மொட்டிலேயே அறிந்துகொள்ளும் விலங்கு. இலையுதிர்காலத்தில் அதைப் பொறிவைத்துப் பிடிப்பது இங்கே பல நூற்றாண்டு வழக்கம். இறைச்சி உணவுக்கு, கொழுப்பு மருந்துக்கு, தோல் தொப்பிக்கு. இரவில் சாத்தான்தான் போல்ஹ் மந்தைகளை மேய்க்கிறான் என்ற நம்பிக்கையை வல்வாசோர் 1689-இல் படத்தோடு பதிவுசெய்திருக்கிறார். போல்ஹ் பெருகினால் யூரல் ஆந்தை பெருகும். அது குறைந்தால் ஆந்தை முட்டையிடாமலேயே ஆண்டைக் கடத்தும். ஒரு மரத்தின் காய்ப்பு இத்தனை வீடுகளில் அடுப்பெரிப்பதைத் தீர்மானிக்கிறது.

ஆளில்லாமல் போன ஊர்கள்

கோச்செவ்யே காட்டைப் பற்றி எழுதுபவர்கள் அதை ஆதிகாடு என்றே வருணிக்கிறார்கள். கன்னிக்காட்டுத் துண்டுகளைத் தவிர, அது முழு உண்மை இல்லை. 14ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் மொழி பேசும் குடியானவர்கள் இங்கே குடியேற்றப்பட்டு, காட்டைத் திருத்தி 170-க்கும் மேற்பட்ட ஊர்களை உருவாக்கினார்கள். ஆறு நூற்றாண்டுகள் வாழ்ந்தார்கள். 1941-42 குளிர்காலத்தில் ஹிட்லருக்கும் முசோலினிக்கும் இடையிலான ஏற்பாட்டின்படி அவர்களில் மிகப் பெரும்பான்மையோர் பெயர்த்தெடுக்கப்பட்டார்கள். அடுத்த ஆண்டு இத்தாலியப் படை பல ஊர்களை எரித்தது. 1945-இல் போர் முடிந்தபின் ஆயிரக்கணக்கான கைதிகள் இந்தக் காட்டுக்குக் கொண்டுவரப்பட்டுக் கொல்லப்பட்டு, உடல்கள் கார்ஸ்ட் குழிகளில் தள்ளப்பட்டன. அந்தக் குழிகளைப் பற்றிப் பேசவே பல பத்தாண்டுகள் ஆயின. பின்னர் ஒரு பெரும்பகுதி வேலியிட்ட இரகசிய வட்டாரமாக 1990 வரை மூடிக்கிடந்தது.

ஊர்கள் இருந்த இடத்தில் காடு வந்தது. இன்றும் மரங்களுக்கு நடுவே திடீரென ஓர் ஆப்பிள் மரம் நிற்கும். அருகே கல்லடுக்கு. வீட்டின் மிச்சம். கரடி அந்த ஆப்பிளுக்காக வரும். கரடிக்கும் ஓநாய்க்கும் இவ்வளவு இடம் கிடைத்ததற்குப் பின்னால் மனிதத் துயரம் இருக்கிறது. அதைச் சொல்லாமல் இந்தக் காட்டின் அழகை மட்டும் பேசுவது சரியாகாது.

அப்படிக் கைவிடப்பட்ட வயல்களிலும் மேய்ச்சல் நிலங்களிலும் முதலில் நிரம்பியது ஸ்ப்ரூஸ். தானாக வந்தது பாதி, நட்டது பாதி. நேராக வளரும், நல்ல விலை போகும். குளிர்ப்பள்ளத்துக்குரிய அந்த மரம் வெதுவெதுப்பான சரிவுகளிலும் நின்றது. 2014 ஜனவரி இறுதியில் ஸ்லோவேனியா மீது உறைமழை பெய்தது. விழும் துளி கிளையைத் தொட்டவுடன் பனிக்கட்டியாகும் மழை. பத்து நாட்களில் நாட்டின் காடுகளில் ஏறக்குறைய பாதி சேதமடைந்தது. சுமார் 90 லட்சம் கன மீட்டர் மரம் ஒடிந்தது. பீச்சும் தப்பவில்லை. ஆனால் பீச்சுக்கு நேர்ந்த சேதம் அதோடு முடிந்தது. ஒடிந்த ஸ்ப்ரூஸின் பட்டைக்குள்ளோ மரப்பட்டை வண்டு குடியேறிப் பெருகி, அடுத்த ஆண்டுகளில் நன்றாக நின்ற ஸ்ப்ரூஸையும் கொன்றது. சூடான கோடையில் அந்த வண்டு இரண்டு தலைமுறைக்குப் பதில் மூன்றை முடித்துவிடும். கலந்து நின்ற காட்டில் வண்டுக்கு அடுத்த மரம் தொலைவில் இருந்தது. ஸ்ப்ரூஸ் மட்டுமே நின்ற இடத்தில் அது கையெட்டும் தூரம்.

மண்ணுக்கு மேலே நடப்பது கீழே எங்கே போய்ச் சேரும் என்பதற்குக் கோச்செவ்யே ரோக் மலையின் அடிவாரமே சாட்சி. அங்கே பேலா க்ராயினா பகுதியில் கெபாசிட்டர் தயாரித்த ஒரு தொழிற்சாலை, பிசிபி என்ற நச்சுக்கழிவைப் பக்கத்து டோலின்களில் பல ஆண்டுகள் கொட்டியது. குழியில் கொட்டியது குழியோடு போயிற்று என்ற நினைப்பு. 1983-இல் தெரியவந்தபோது அந்த நஞ்சு க்ரூபா ஆற்றின் ஊற்றில் வெளிப்பட்டுக்கொண்டிருந்தது. இன்றும் முழுதாக நீங்கவில்லை. அந்த நிலத்தடி நீரில்தான் ஓல்ம் வாழ்கிறது. வெளிறிய மனிதத்தோல் நிறத்தில், கண்பார்வையற்று, நூறாண்டு வரை வாழக்கூடிய ஈரிடவாழ்வி. வெள்ளத்தில் அடித்துவரப்பட்டதைப் பார்த்து டிராகன் குட்டி என்று மக்கள் நம்பினார்கள். அதன் கருநிறச் சகோதரன் 1986-இல் இதே பேலா க்ராயினாவில் கண்டுபிடிக்கப்பட்டது. அது உலகில் வேறெங்கும் இல்லை. அதன் உணவு முழுக்க மேலிருந்து வருவது. காட்டு மண்ணில் மக்கிய இலை, மழையோடு விரிசலில் இறங்கி, சிறு நீருயிர்களுக்கு இரையாகி, கடைசியில் அதன் வாய்க்கு வருகிறது. மேலே எந்த இலை உதிர்கிறது என்பதுகூட இருட்டில் வாழும் அந்த உயிருக்கு ஒரு செய்திதான்.

இப்போது மீண்டும் அந்த ஃபிர் கன்றிடம் வருவோம். ஸ்லோவேனியாவின் மலைக்காடுகளில் ஆங்காங்கே சோதனைக்காகக் கம்பிவேலி அமைத்திருக்கிறார்கள். மான் நுழைய முடியாத சிறு சதுரங்கள். வேலிக்கு வெளியே ஃபிர் கன்றுகள் விரல் நீளத்தில் முளைத்து மறைகின்றன. வேலிக்குள்ளே அதே மண், அதே நிழல், அதே மழையில் அவை இடுப்பு உயரத்துக்கும் தலை உயரத்துக்கும் நிமிர்ந்து நிற்கின்றன. ஹூஃப்நாகல் ஒதுக்கிவைத்த காடுகளுக்குள் கோடரி நுழையக்கூடாது என்று விதி இருக்கிறது. மானுக்கு அந்த விதி தெரியாது. இந்த வசந்தத்தில் அங்கே முளைக்கும் ஒரு ஃபிர், மானிடமிருந்து தப்பி, நிழலில் தன் முறைக்குக் காத்திருந்து, விதானத்தின் வெளிச்சத்தைத் தொடும்போது ஆண்டு 2150-ஐத் தாண்டியிருக்கும். அதற்கு இடம்விடப் போகும் பீச் மரம் ஏற்கெனவே அங்கே நிற்கிறது.